புதினா மணக்கும் மூலை

"செருப்பு மட்டும் போதாது. சாக்ஸையும் கழட்டுங்க" என்றார் பாட்டு டீச்சர்.

துப்பறியும் தொழிலில் நான் கத்தியைப் பார்த்திருக்கிறேன், கடிநாயைப் பார்த்திருக்கிறேன், கடிநாயைக் கத்தி காட்டி மிரட்டியவரையும் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் வீட்டு வாசலில் ஓட்டை சாக்ஸோடு மாட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்து எல்லாரையும் நலம் விசாரித்தது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை விழுங்கினாள்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. துப்பறியும் நிலையத்தின் முதலாளி, மூளை, மூக்கு எல்லாம் அவள்தான். நான் உதவியாளன். இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த என்னை, "பொய் சொல்றப்போ முகம் எப்படி இருக்கும்னு உனக்குத்தான் நல்லாத் தெரியும், தம்பி" என்று சொல்லி வேலைக்கு எடுத்தாள். அண்ணன் வீட்டில் சமைக்கிறார். இந்த ஏற்பாட்டில் மூன்று பேருக்கும் பரம திருப்தி.

வெறுங்காலோடு கூடத்தில் நுழைந்தோம். தரையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு ஒரு சணல் விரிப்பு கிடந்தது. பொன்னிறச் சணலைப் பின்னி, நாலு பக்கமும் சந்தன நிறப் பருத்தித் துணியில் கரை வைத்துத் தைத்த அருமையான விரிப்பு. ஆனால் அதன் மேல் முழுக்க வெள்ளைப் பொடி. யாரோ கூரையில் ஏறி நின்று முகப்பவுடர் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

"சமையல் சோடா" என்றார் டீச்சர், நான் கேட்பதற்கு முன்பே. "ராத்திரி சலிச்சுத் தூவிட்டா விடியறதுக்குள்ள வாடையெல்லாம் இழுத்துக்கும். காலையில வாக்குவம் போட்டு எடுத்துடணும். நீங்க வர்ற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு உங்க அண்ணி போன்ல சொல்லிட்டாங்க. எனக்குக் கை அரிக்குது."

அவர் கையில் வாக்குவம் கிளீனரின் குழாய் தயாராக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதுக்கு நல்ல நிமிர்ந்த உடம்பு, இடுப்பில் செருகிய வெள்ளைத் துணி, எதிரே நிற்பவன் சுருதி தப்பிவிட்டானா என்று பார்க்கும் கண். இன்று மதியம் அவருக்குக் கல்யாணம். பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து. மாப்பிள்ளை, கீழ்வீட்டுப் பல் டாக்டர்.

கல்யாணம் நடக்குமா என்பதுதான் கேள்வி. டாக்டர் டீச்சருக்குப் போட்ட மோதிரம் சனிக்கிழமை காணாமல் போயிருந்தது. அவருடைய அம்மாவின் மோதிரம், நீலக்கல் வைத்தது.

டீச்சர் நடந்ததைச் சொன்னார். விரிப்பை அவர் நெசவு போகும் திசையிலேயே பிரஷால் வாருவாராம். மோதிரக் கல் சணல் நாரில் மாட்டி இழுத்துவிடும் என்பதால் அதைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் ஒரு கிண்ணத்தில் வைத்திருக்கிறார். வாரி முடித்தவர் மோதிரத்தை மறந்து கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கிண்ணம் இருந்தது, மோதிரம் இல்லை. அவர் திரும்புவதற்குள் வீட்டுக்குள் இருந்தவர்கள், வந்தவர்கள் எல்லாம் சேர்த்து மூன்றே பேர்.

அந்த மூன்று பேரும் இப்போது விரிப்பை மிதிக்க பயந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

முதலாவது, மாப்பிள்ளை டாக்டர். வெள்ளைக் கோட்டு, வழுக்கை, கல்யாணக் கவலையா மோதிரக் கவலையா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம். இரண்டாவது, டீச்சரின் மகன். சுங்க அதிகாரி. அம்மா கடையிலிருந்து திரும்புவதற்குச் சற்று முன்னால் வெளியூரிலிருந்து வெள்ளைச் சீருடையோடு வந்து இறங்கியவன், மோதிரம் காணோம் என்று கேட்ட மாத்திரத்தில் வீட்டிலுள்ள எல்லார் பெட்டியையும் திறந்து கொட்டிச் சோதனை போட்டிருக்கிறான். தன் பெட்டியைக்கூட விடவில்லை. எப்போது வந்தாலும் இவன் பெட்டிகளைத் திறக்காமல் உட்கார மாட்டான் என்று டீச்சர் பெருமையாகவோ அலுப்பாகவோ சொன்னார். மூன்றாவது, டாக்டரின் அக்கா. கணவரை இழந்தவர், வேறு ஊர்க்காரர், கல்யாணத்துக்காக முதல் தடவையாக இங்கே வந்திருக்கிறார். கீழ்வீட்டில் பெயின்ட் வேலை நடப்பதால் மாடியில் டீச்சர் வீட்டிலேயே தங்கல். கல்யாணத்துக்குப் போட வைத்திருந்த தன் உடையைப் பிடித்துத் தைக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாராம். அது இன்னும் வராததால் கருநீல நைட்டியும் மேலே ஒரு சால்வையுமாக நின்றார்.

"அந்தக் கல் போலியா இருக்கும். அதான் யாராவது ஒரு நகைக்கடைக்காரர் கண்ணுல படறதுக்கு முன்னாடி மாயமாயிடுச்சு" என்று மகன் டாக்டரைப் பார்த்துச் சொன்னான்.

"என் அம்மா போலி போடறவங்க இல்ல, தம்பி" என்றார் அக்கா.

டாக்டர் எதுவும் சொல்லவில்லை. மற்றவர்கள் வாயைத் திறக்கவைத்தே பழகிய தொழில்.

டீச்சர் குழாயைத் தரையில் ஊன்றினார். "எனக்கு மோதிரம்கூட முக்கியமில்ல. யார் எடுத்தாங்கன்னு தெரியணும். தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். சந்தேகத்தோட ஒரு வீட்டுல ரெண்டு பேர் சாப்பிட முடியாது."

டாக்டரின் முகம் இன்னும் கொஞ்சம் வெளுத்தது. அவர் கோட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது.

"சனிக்கிழமை காணாமப் போனதுக்கு இன்னிக்கு ஏன் கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

டீச்சர் ஜன்னல் பக்கம் கை காட்டினார். விரிப்பின் வலது மூலையில், ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில், கரைத்துணியின் தையலை யாரோ பிரித்திருந்தார்கள். மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் வெள்ளைப் பொடியில் பொடி இல்லாத இரண்டு வட்டங்கள் பளிச்சென்று தெரிந்தன.

"ராத்திரி சோடா தூவினப்போ கரை நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் டீச்சர். மோதிரம் போனதைச் சொன்னபோது நடுங்காத குரல் இப்போது நடுங்கியது.

நான் குனிந்து வட்டங்களைப் பார்த்தேன். "அண்ணி, யாரோ இங்க மண்டி போட்டுப் பிரார்த்தனை பண்ணியிருக்காங்க."

"பிரார்த்தனை பலிக்கலை" என்றாள் அண்ணி. "நீயும் மண்டி போடு."

"எதுக்கு?"

"பொருத்தம் பார்க்க."

முழங்காலை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. எல்லா மனிதர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு முழங்கால்தான் என்பதைக் கண்டுபிடித்த பெருமையோடு எழுந்தபோது என் கறுப்புப் பேன்ட்டில் இரண்டு வெள்ளை வட்டங்கள். தட்டினேன். பாதி போனது, பாதி நூலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஈரத்துணி கிடைக்குமா என்று கேட்டதுதான் தாமதம், டீச்சர் பாய்ந்து வந்துவிட்டார்.

"விரிப்புக்கு மேல நின்னுக்கிட்டு ஈரத்தைப் பத்திப் பேசாதீங்க" என்றவர் அங்கேயே வகுப்பெடுக்க ஆரம்பித்தார். சணலுக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. நனைத்தால் பழுப்பாகக் கறை ஏறும், நார் தளர்ந்துபோகும், காயாமல் விட்டால் நாள்கணக்கில் நாறும். ஏதாவது சிந்தினால் உடனே உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் கறை உள்ளே இறங்கிக் குடித்தனம் பண்ண ஆரம்பித்துவிடும். வாக்குவம் போட்டாலும் சுழலும் பிரஷ்ஷைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். வெயில் ஒரே பக்கமாக அடித்து நிறம் போகாமல் இருக்க, மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் விரிப்பைத் தலைகால் மாற்றிப் போட வேண்டும்.

"இந்தத் தலைகால் விஷயத்தை நான் தாலாட்டுலேயே கேட்டவன்" என்றான் மகன். "எங்க வீட்டுல எனக்கு ஞாயித்துக்கிழமைன்னா பெரிய மேஜை ஒரு பக்கம், விரிப்பு ஒரு பக்கம். அதுக்குப் பயந்துதான் வெளியூர் வேலைக்குப் போனேன்."

அண்ணி தலைமுடியை இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அவள் மூளை ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"கரையைப் பிரிச்சவங்க எதையோ தேடியிருக்காங்க" என்றாள் என் காதருகில். "வீடு முழுக்க அலமாரி இருக்கு, மெத்தை இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு நேரா இந்த மூலைக்கு ஏன் வந்தாங்க?"

"அங்க வெச்சது அவங்களே. வெச்சதை எடுக்க வந்திருக்காங்க."

"அடேங்கப்பா. அப்புறம்?"

"வந்து பார்த்தா காணோம். அதாவது திருடன்கிட்டயே இன்னொரு திருடன் கைவரிசை காட்டியிருக்கான். கேஸ் ரெண்டாயிடுச்சு அண்ணி, ஃபீஸும்..."

"விரிப்பை ஒரு சுத்து மோந்து பாரு" என்றாள் அண்ணி.

இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு எத்தனையோ பதவி உயர்வுகள். இன்று நாய். நாலு காலில் இறங்கி விரிப்பின் ஓரமாக மோப்பம் பிடித்துக்கொண்டே போனேன். சணல் வாசனை. சோடா மூக்கில் ஏறியதால் இரண்டு தும்மல். டாக்டரின் காலைக் கடந்தேன், மகனின் காலைக் கடந்தேன். வாசல் பக்கத்து இடது மூலையில், செருப்பு அலமாரிக்குக் கீழே மூக்கை வைத்தபோது தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணி, இங்க புதினா மணக்குது."

அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கரைத்துணியில் பழைய தையல் முழுக்கச் சாதாரண நூல். மூலையில் மட்டும் கொஞ்ச தூரத்துக்குப் புதுத் தையல். வெள்ளையாக, மெழுகு தடவின மாதிரி வழவழவென்று ஒரு நூல். அண்ணி நகத்தால் நெம்பி அதன் ஒரு முனையை இழுத்தாள். அதை முகர்ந்தாள். பிறகு மூலையை மெதுவாக அமுக்கினாள்.

உள்ளே ஏதோ உருண்டது.

டீச்சரிடம் அனுமதி கேட்டு நாலு தையலைப் பிரித்தோம். நீலக்கல் மோதிரம் அண்ணியின் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அத்தனை பேரும் செருப்பு மாட்டிக்கொண்டு அதைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஏனென்றால் அந்த நூலை எனக்குத் தெரியும். பல் இடுக்கில் விட்டு இழுக்கும் நூல், புதினா வாசனை போட்டது. போன மாதம்தான் ஒரு பெட்டி வாங்கி ஒரே நாள் உபயோகித்துவிட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கூடத்தில் பல்லைப் பிழைப்பாகக் கொண்ட ஆள் ஒருவர்தான். அண்ணி வாயைத் திறக்கட்டும் என்று நான் காத்திருந்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை.

நூலை உயர்த்திப் பிடித்து, "டாக்டர், ஈறுக்குத் தையல் போடற கை இது, இல்லையா?" என்றேன்.

மகன் "நான் அப்பவே சொன்னேன்" என்றான். அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். டாக்டர் நூலை உற்றுப் பார்த்தார். டீச்சர் அவரையே பார்த்தார். கோபத்தை நான் எதிர்பார்த்தேன். அவர் கண்ணில் இருந்தது கோபமில்லை, பெரிய ஏமாற்றம். வாக்குவம் குழாயை மெல்லக் கீழே வைத்தார்.

"பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாமே. உங்க அம்மா மோதிரத்தை ஏன் ஒளிச்சு வைக்கணும்?" என்று கேட்டார்.

"நான் இல்லீங்க" என்றார் டாக்டர்.

"நூல்?" என்றார் டீச்சர்.

"என் நூல்தான். ஆனா நான் இல்லீங்க."

இன்சூரன்ஸ் விற்ற காலத்தில்கூட இவ்வளவு மோசமான பதிலை நான் கேட்டதில்லை. டீச்சர் கைப்பேசியை எடுத்தார். பதிவாளர் அலுவலகத்துக்கு வர முடியாது என்று சொல்லப் போகிறார் என்பது எல்லாருக்கும் விளங்கியது. ஒரு கல்யாணத்தை ஒரே வாக்கியத்தில் நிறுத்திவிட்ட திருப்தி எனக்குள் எங்கோ தொடங்கி, டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நின்றுவிட்டது.

"போனை வைங்க டீச்சர்" என்றாள் அண்ணி. "என் கொழுந்தனார் பாதிக் கிணறு தாண்டிட்டுக் கையைத் தட்டுறார்."

கொழுந்தனார் என்று மரியாதை ஏறினால் என் மானம் இறங்கப் போகிறது என்று அர்த்தம்.

அண்ணி டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு, விரிப்பை மாற்றிப் போட்டீர்களா?

"பின்னே? மோதிரம் காணோம்னா மாசம் நின்னுடுமா? காலையிலேயே மாத்தியாச்சு."

"அப்போ சனிக்கிழமை ஜன்னல் பக்கம் வலது மூலையா இருந்தது, நேத்து எங்க போயிருக்கும்?"

டீச்சர் வாசல் பக்கம் திரும்பினார். செருப்பு அலமாரியைப் பார்த்தார். அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது. எனக்கும் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மோதிரம் எங்கேயும் போகவில்லை, வைத்த மூலையிலேயே இருந்தது. மூலைதான் நகர்ந்து போயிருக்கிறது.

"ஒளிச்சு வெச்சவங்க ராத்திரி வந்து, தான் வெச்ச அதே ஜன்னலோரத்துல பிரிச்சுப் பார்த்திருக்காங்க" என்றாள் அண்ணி. "விரிப்பு திரும்பினது அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நேரா செருப்பு அலமாரிக்குப் போயிருப்பாங்க. டீச்சர், இவ்வளவு பெரிய விரிப்பை நீங்க ஒரு ஆளாவா திருப்பினீங்க?"

டீச்சரின் கன்னம் லேசாகச் சிவந்தது. டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தரையைப் பார்த்தார்.

"இவர்தான் அந்தப் பக்கம் பிடிச்சார்" என்றார் டீச்சர். "ஒரு வருஷமா இவர்தான் பிடிக்கறார்."

கதையை இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மாதம் ஒரு ஞாயிறு மேலே மேஜை இழுக்கும் சத்தம் கேட்டுத் தூக்கம் கெட்ட டாக்டர், ஒரு நாள் சண்டை போடுவதற்காகப் படியேறி வந்திருக்கிறார். கதவைத் திறந்த டீச்சர், அவர் வாயைத் திறப்பதற்குள் விரிப்பின் ஒரு முனையைக் கையில் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் சத்தம் கேட்பதற்கு முன்பே டாக்டர் வந்து கதவைத் தட்டினாராம். அதற்கடுத்த மாதம் சவரம் செய்துகொண்டு வந்தாராம்.

"ஆக, இந்த விரிப்பு எந்த நாள் எந்தப் பக்கம் திரும்பும்னு டீச்சருக்கு அடுத்தபடியா தெரிஞ்ச ஆள் டாக்டர்" என்றாள் அண்ணி. "தன் கையால திருப்பிப் போட்டுட்டு, அன்னிக்கு ராத்திரியே தப்பு மூலையைப் பிரிப்பாரா? மகனுக்கும் தெரியும், அவர் அதுக்குப் பயந்துதான் ஊரை விட்டே ஓடியிருக்கார். முதல் ஞாயிறு காலையில இந்த வீட்டுல என்ன நடக்கும்னு தெரியாதவங்க ஒருத்தர்தான். நேத்து அந்த நேரத்துல தையல்கடையில இருந்தவங்க."

எல்லார் தலையும் டாக்டரின் அக்கா பக்கம் திரும்பியது.

"நல்லா இருக்கு நியாயம். துணி தைக்கப் போனது குத்தமா?" என்றார் அக்கா.

"நைட்டியில முழங்கால்கிட்ட வெள்ளையா இருக்கே, அது என்னங்க?"

அக்கா குனிந்து பார்க்கவே இல்லை. "முகத்துக்குப் போடற பவுடர். கொட்டிடுச்சு."

முழங்காலுக்கு எதற்கு மேக்கப் என்று கேட்க நாக்கு துடித்தது. சற்று முன்னால் பட்ட அவமானம் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். அண்ணி சமையலறைக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழ மூடியோடு வந்தாள். என்னைச் சட்டைக் கையைப் பிடித்து விரிப்பை விட்டு வெளியே, வெறுந்தரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டீச்சர் மெச்சிக்கொண்டு தலையாட்டினார்.

"இவர் பேன்ட்டுல இருக்கறது சமையல் சோடா. பார்த்துக்குங்க."

என் முழங்காலில் எலுமிச்சைச் சாறு விழுந்தது. வெள்ளை வட்டம் சுர்ரென்று நுரைத்துப் பொங்கியது. குளிர்ந்த சாறு உள்ளே இறங்கியதில் நான் போட்ட சத்தத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

"முகப்பவுடர்னா நுரைக்காது" என்றாள் அண்ணி, பாதிப் பழத்தை ஏந்தியபடி அக்காவை நோக்கி ஒரு அடி வைத்து. "உங்க நைட்டியில ரெண்டே ரெண்டு சொட்டு."

அக்கா நைட்டியை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். சுவர் தடுத்தது. அங்கேயே நின்றார்.

"வேண்டாம்" என்றார். "நானே சொல்லிடறேன்."

சொன்னார். மகன் வந்ததும் பெட்டிகளைத் திறப்பான் என்று டீச்சர் சொல்லியிருந்ததால் பெட்டியில் வைக்க முடியவில்லை. இந்த வீட்டில் ஒருவரும் தொடத் துணியாத பொருள் எது என்று யோசித்தபோது விரிப்புதான் கண்ணில் பட்டது. ஊசி கைவசம் இருந்தது. சந்தனக் கரைக்கு ஒத்துப்போகும் நூல் இல்லை. குளியலறையில் தம்பி விட்டுப்போன பல் நூல் இருந்தது. பெட்டிச் சோதனைதான் முடிந்துவிட்டதே, இனி பெட்டிக்கு மாற்றிவிடலாம் என்று நேற்று ராத்திரி பிரித்துப் பார்த்து மோதிரம் காணோம் என்றதும் உயிரே போய்விட்டதாம். இன்று காலை வரை, நிஜமாகவே திருட்டுப்போய்விட்டது என்று நினைத்து அவர்தான் மற்ற எல்லாரையும்விட அதிகமாகப் பயந்திருக்கிறார்.

"ஏன் அக்கா?" என்று கேட்டார் டாக்டர். அன்று முழுக்க அவர் பேசியதிலேயே அதுதான் தெளிவாக இருந்தது.

அக்கா அவரைப் பார்க்காமல் பேசினார். "அவர் போனதிலேர்ந்து ஞாயித்துக்கிழமை காலையில நீ போன் பண்ணுவே. பேச ஒண்ணும் இருக்காது. என்ன சாப்பிட்டே, மழையான்னு கேட்பே. அந்த வீட்டுல வாரத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும், அது நீதான். ஒரு வருஷமா மாசத்துல ஒரு ஞாயிறு அடிக்கறதில்ல. கேட்டா வேலை இருக்குங்கறே. ஞாயித்துக்கிழமை யார்டா பல்லைப் பிடுங்கிக்க வர்றாங்க? இப்ப கல்யாணமும் ஆயிட்டா மத்த ஞாயிறும் போயிடும்னு தோணிச்சு. கொஞ்சம் தள்ளிப்போகட்டும்னு நினைச்சேன். அவ்வளவுதான். அம்மா மோதிரத்தை நான் திருடுவேனா?"

டாக்டர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "முதல் ஞாயிறு இங்க வந்துடுவேன், அக்கா. இந்த வயசுல மாடி வீட்டம்மாவுக்கு விரிப்பு தூக்கிக் குடுக்கறேன்னு உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"முதல் ஞாயிறா?" என்றார் அக்கா. திரும்பி விரிப்பைப் பார்த்தார். "இதுக்குத்தானா?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தம்பி வெட்கப்பட்டு மறைத்த ஒரு விஷயம். அது தெரியாததால் இந்த அம்மாள் ஒரு வருஷம் தனியாகக் குமைந்திருக்கிறார். அதே விஷயம் தெரியாததால்தான் நேற்று ராத்திரி தப்பு மூலையைப் பிரித்து மாட்டியும் இருக்கிறார்.

அக்காவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். முதலில் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கவே அழுகை வந்துவிட்டது. தட்டுத்தடுமாறி ஒரு அடி முன்னால் வந்தார். கண்ணீர் கன்னத்தில் இறங்கி, மோவாயில் தொங்கி, சொட்டென்று விரிப்பின் மேல் விழுந்தது. பின்னாலேயே இன்னொரு சொட்டு.

நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். தண்ணீர். சணல் மேல். மகன் கண்ணை மூடிக்கொண்டான்.

டீச்சர் இடுப்பில் செருகியிருந்த உலர்ந்த வெள்ளைத் துணியை உருவி நாலாக மடித்தார். நேராக அக்காவிடம் போனார். அக்கா அவசர அவசரமாகப் புறங்கையால் முகத்தைத் துடைக்கப் போக, டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தேய்க்காதீங்க அண்ணி" என்றார். "ஒத்தித்தான் எடுக்கணும்."

துணி அக்காவின் இடது கன்னத்தில் பட்டது, பிறகு வலது கன்னத்தில், பிறகு மோவாயில். விரிப்பின் மேல் இரண்டு சொட்டும் அப்படியே இருந்தன. டீச்சர் அவற்றைப் பார்த்தார். பார்த்துவிட்டு அக்காவின் மூக்கையும் ஒத்தினார்.

"யாருன்னு தெரிஞ்சா கையெழுத்துப் போடறேன்னு சொன்னேன். தெரிஞ்சாச்சு" என்றார். "மேஜையைத் தூக்க எங்களுக்கு இன்னொரு ஆள் வேணும். அடுத்த முதல் ஞாயிறு வரைக்கும் நீங்க ஊருக்குப் போகக்கூடாது. அதுக்கப்புறம் போனாலும், மத்த ஞாயிறு போன் வரும். இவர் பண்ணலைன்னா நான் பண்ணுவேன். எனக்குப் பேச நிறைய இருக்கு, சணலைப் பத்தி மட்டுமே ரெண்டு மணி நேரம் பேசுவேன்."

"அது உண்மை" என்றான் மகன்.

டாக்டர் அண்ணியிடமிருந்து மோதிரத்தை வாங்கினார். டீச்சரின் விரலில் மாட்டப் போனவர் தயங்கி, அதை அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதை நைட்டியில் துடைத்தார். சோடா பட்ட இடத்தில் துடைத்ததால் நீலக்கல் பளபளவென்று வந்தது. அவரே டீச்சரின் விரலில் மாட்டிவிட்டார்.

என் கண்ணில் ஏதோ கரித்தது. எலுமிச்சைச் சாறு தெறித்திருக்கும் என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அண்ணியிடம் அதெல்லாம் எடுபடாது. நான் மூக்கை உறிஞ்சியதும் முதுகில் ஒரு விரல் குத்தியது.

"அழறதா இருந்தா நாலு அடி தள்ளிப் போய் அழு, தம்பி" என்று காதில் சொன்னாள் அண்ணி. "நமக்கு இந்தச் சலுகையெல்லாம் கிடையாது. கீழே சணல்."